எடுக்காத கை

இரும்பு அறுக்கும் சின்ன கிரைண்டரில் பெரிய வீலை மாட்டக் கூடாது என்பது வெல்டருக்குத் தெரியாத விஷயமில்லை. சின்ன வீல் தீர்ந்துபோயிருந்தது; கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது; சோம்பலோ அவனுடன் கூடப் பிறந்தது. பெரிய வீலுக்கு இடைஞ்சலாக இருந்த தகடு மூடியைக் கழற்றி பெஞ்சுக்கடியில் எறிந்தான்.

எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மச்சான், அவன் மனைவியின் அண்ணன். "மாப்ள, இது சரியா வருமா?" என்றார்.

"நான் பாக்காத மெஷினா மச்சான்?"

மெஷின் அலறியது. வீல் வெடித்தது. ஒரு துண்டு கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. இன்னொரு துண்டு மச்சானின் தொடையில் பாதிவரை புதைந்து நின்றது.

ரத்தம் அதிகமில்லை. அழைக்காமல் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல மச்சான் அதைப் பார்த்தார். பிறகு, "என் தங்கச்சி உன்னக் கொன்னுடுவா" என்றார்.

அந்தப் பேச்சுதான் வினை. துண்டைப் பிடுங்கி, துணியைச் சுற்றி, வீட்டுக்குத் தெரியாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்று வெல்டரின் மூளை வேலை செய்தது. அது வேலை செய்வதே அபூர்வம். அன்றைக்கு விடுப்பு எடுத்திருக்கலாம். குறட்டால் கவ்வி ஒரே இழுப்பாக இழுத்தான்.

துடித்துத் துடித்து ரத்தம் பீறிட்டது. அவன் முகத்தில் அடித்தது, சுவரில் அடித்தது. வைத்த துணி வைத்த நொடியில் ஊறிப்போனது. கடைசியில் முஷ்டியை மடக்கிக் காயத்துக்குள்ளேயே திணித்து, உடம்புப் பாரம் மொத்தத்தையும் அதன் மேல் போட்டான். பீறிட்டது கசிவாகக் குறைந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்துக் கடை டயர்க்காரர், "ஆம்புலன்ஸக் கூப்பிடலாமே" என்றார்.

"அது வர்றதுக்குள்ள ஆள் போயிடுவாரு. வண்டிய எடுய்யா!"

டயர்க்காரர் ஓட்டிய வேனின் பின்பக்கம் மச்சான் மல்லாந்து கிடக்க, அவன் முட்டிபோட்டுத் தொடையை அழுத்தினான்.

"கைய எடுடா எருமை! உசுரு போகுதுடா!" மச்சானின் குத்து மூக்கில் இறங்கியது. மூக்கு 'மளுக்' என்று ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.

"அடிங்க மச்சான். நல்லா அடிங்க. கண்ண மட்டும் மூடிடாதீங்க."

கல்யாண நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அடித்தார். உதடு கிழிந்தது, பல்லொன்று ஆடியது. வெல்டர் கையை எடுக்கவில்லை. ஆனால் போகப் போக அடி மெலிந்தது. அவன் குனிந்து முகத்தை இன்னும் கிட்டே காட்டினான்.

"என்ன மச்சான், தட்டிக் குடுக்கறீங்க? அடிங்க மச்சான்!"

அவசர சிகிச்சை வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. மச்சானை ஏற்றியபோது அவனும் கூடவே ஏறித் தொடைமேல் கவிழ்ந்தான். காவலாளி கண்ணில் பட்டது இவ்வளவுதான்: ரத்தத்தில் குளித்த இரண்டு பேர், ஒருவன்மேல் ஒருவன்.

"இங்க வந்துமாடா அடிச்சுக்கறீங்க?" சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தள்ளினான்.

கை விலகியது. ரத்தம் காவலாளியின் மார்பில் பீய்ச்சி அடித்தது. வெல்டர் முழங்கையால் அவன் தாடையில் இடித்தான். தடி முதுகில் விழுந்தது. மணிக்கட்டைக் கடித்து, தடுத்த நாற்காலியை உதைத்துத் தள்ளி, மறுபடி ஸ்ட்ரெச்சரில் பாய்ந்து முஷ்டியைத் திணித்தான்.

"அந்த ஆள விடுங்க! அந்தக் கைதான் இப்ப வேணும்!" வாசலில் நோயாளிகளைப் பார்த்துப் பிரித்தனுப்பும் நர்ஸ் கத்தினாள். "நேரா உள்ள தள்ளுங்க!"

"நான் காலைலேர்ந்து உக்காந்திருக்கேம்மா" என்றது ஒரு குரல்.

"உங்களால உக்கார முடியுதுல்ல, அதான் சார்."

உள்ளே டாக்டர் அவன் கையைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அது மடங்கிய மடங்கலில் இறுகிப்போயிருந்தது. கதவு மூடியது.

மச்சான் பிழைப்பாரா என்று எல்லோரையும் கேட்டான். "பாத்துட்டுதான் சொல்லணும்" என்றார் டாக்டர். "மேல ஒருத்தன் இருக்கான்" என்றார் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர். "நல்லதையே நெனைப்பா" என்றார் டயர்க்காரர். கடிபட்ட காவலாளி மட்டும் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான்.

மனைவி ஓடி வந்தாள். ஓங்கி ஓர் அறை, சரியாக உடைந்த மூக்கின் மேலேயே. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள்.

கடைசியில் அந்த நர்ஸ் வெளியே வந்தாள். அவன் எழுந்தான்.

"சிஸ்டர், என் மச்சான நான் கொன்னுட்டேனா? சுத்தி வளைக்காம சொல்லிடுங்க."

அவள் அவன் மூக்கைப் பார்த்தாள், பிறகு கையை.

"இல்ல. உயிரோட இருக்காரு. கால் தப்பிச்சிடும், கொஞ்சம் நொண்டுவாரு. குத்தி நின்னதப் புடுங்கினீங்க பாருங்க, அது சுத்த மடத்தனம். அப்படியே அசையாம விட்டுட்டு ஆம்புலன்ஸக் கூப்பிட்டிருக்கணும். ஆனா அப்புறம் கைய எடுக்காம இருந்தீங்க. அதனாலதான் இப்ப கண்ணு முழிச்சு, அந்த எருமை எங்கன்னு கேக்கறாரு."