மாடியேறி வந்த பேப்பர்

"அப்பா, நல்லது செஞ்சிட்டு ஓடிப்போனவங்களக் கண்டுபிடிக்க போலீஸ் இல்லையா?"

மகள் ஆறு வயதில் கேட்டது. பூங்காவில் அவள் தொலைத்த ஒற்றைச் செருப்பை யாரோ வேலிக்கம்பியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். "போலீசுக்கு வேற வேலை இல்லையா?" என்று சிரித்ததோடு அப்பா அதை மறந்துவிட்டார்.

மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா, லிஃப்ட் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டு, லிஃப்ட்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாகக் கிடந்தார். மதியச் சாப்பாட்டை அக்கா கொண்டுவந்து கொடுப்பாள்.

"உலகமே தலையில தூக்கி வச்சு ஆடுற துப்பறியும் தொடர்ப்பா. பாருங்க, பொழுது போகும்" என்று மகள் தன் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தாள்.

பொழுது போயிற்று, கூடவே மனதின் நிதானமும் கொஞ்சம் போயிற்று. ஒன்று முடிந்தால் இன்னொன்று. ஐந்து வாரத்தில் யாரைப் பார்த்தாலும் அவருக்குக் கை ரேகைதான் நினைவுக்கு வந்தது.

"காலுக்குத்தான் கட்டுப் போட்டாங்கன்னு நெனச்சேன். மூளைக்கும் சேர்த்துப் போட்டுட்டாங்களாடா?" என்றாள் அக்கா.

அவர் காதில் அது ஏறவில்லை. கையில் ஒரு வழக்கு இருந்தது. தினமும் காலை வாசலில் கிடக்கும் பேப்பர் மடிப்புக் கலைந்திருந்தது. வேலைவாய்ப்புப் பக்கம் வெளியே தெரிந்தது. மோந்து பார்த்தால் ஆஸ்பத்திரி வாடை. ஏழு மணிக்குப் படியேறுகிறவள் ஒருத்திதான்: நான்காம் மாடியில் குடியிருக்கும், ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் ஆயா.

மறுநாள் கதவருகே நாற்காலி போட்டுக் காத்திருந்தார். அவள் பேப்பரோடு வந்து நின்றதும் கதவைத் திறந்தார்.

"என்னம்மா, ஓசிப் பேப்பரா? காசு குடுக்குறது நான், மொதல்ல படிக்கிறது நீயா?"

கீழே முதல் மாடித் தையல்காரரின் மிஷின் சத்தம் நின்றது. அவள் பேப்பரை வாசலில் வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"தப்புத்தாண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள்.

வழக்கு முடிந்தது. அன்று அவர் இரண்டு அத்தியாயம் கூடுதலாகப் பார்த்தார்.

அடுத்த நாள் பேப்பர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான்காம் நாள் அக்கா ஒரு கட்டுப் பேப்பரை மடியில் போட்டாள்.

"கீழ பெட்டியில கெடந்துச்சு."

"பேப்பர்காரர் ஏன் மேல வரல? கால் ஒடிஞ்சதுலேர்ந்து வாசல்லதான போட்டுட்டு இருந்தாரு?"

"அவர் என்னைக்குடா மாடி ஏறியிருக்காரு? நல்லா இருந்தப்ப நீதான எறங்கிப் போய் எடுப்ப?"

அவர் மடியிலிருந்த பேப்பர்களைப் பார்த்தார். ஐந்து வாரமாக யார் தூக்கி வந்து போட்டார்கள்? இரவெல்லாம் நோயாளிகளோடு நின்ற கால்கள்தான் அதையும் சுமந்து ஏறியிருக்கின்றன. வழியில் பகல் வேலை ஏதும் இருக்கிறதா என்று ஒரு பக்கம் பார்த்ததுதான் அவள் செய்த குற்றம். கண்டுபிடித்தது சரி. தீர்ப்புதான் தப்பு.

மறுநாள் காலை அவள் காலடி கேட்டதும் கதவைத் திறந்தார்.

"தங்கச்சி, தெரியாம பேசிட்டேன். மன்னிச்சிடும்மா."

"விடுங்கண்ணே" என்றாள். ஆனால் நிற்கவில்லை. கொட்டிய சொல்லை அள்ள முடியுமா? அன்று அவர் டிவியைப் போடவில்லை. கடவுள் படத்தின் முன் உட்கார்ந்தும் வேண்டத் தோன்றவில்லை.

கட்டுப் பிரித்து மூன்றாம் நாள், காலை ஆறரை மணிக்கு, தட்டும் சத்தம் கேட்காமலிருக்க, கைத்தடியின் நுனியில் பழைய காலுறை ஒன்றை மாட்டினார். தொடரில் ஒரு கொலைகாரன் செய்த தந்திரம் அது. தையல்காரர் எட்டிப் பார்த்தால் கதை கந்தலாகிவிடும்.

படிக்குப் படி நின்று கீழே இறங்கிப் பேப்பரை எடுத்தார். வேலைவாய்ப்புப் பக்கம் வெளியே தெரியும்படி மடித்தார். தன் வீட்டு வாசலைத் தாண்டி, வலித்த காலை இழுத்துக்கொண்டு இன்னும் ஒரு மாடி ஏறினார். அவள் கதவடியில் அதை வைத்தார். அவள் வருவதற்குள், ஓசையில்லாமல் இறங்கி வந்து தன் கதவைச் சாத்திக்கொண்டார்.