கரெண்ட் போகாத மதியம்

ஊரே கரெண்ட் போகக் கூடாது என்று சாமியைக் கும்பிட, லைனில் ஒரு கோளாறு வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். சிதம்பரம் பக்கம் கிள்ளையில் இருக்கும் காற்றாலைகளின் கண்ட்ரோல் ரூமில் இஞ்சினியர் நான்.

எங்கேயோ ஒரு தென்னை மட்டை லைனில் விழுந்தால் போதும், கண்ணிமைக்கிற நேரத்துக்கு வோல்டேஜ் சரியும். உடனே எங்கள் காற்றாலைகள், தாங்கள் பிழைத்தால் போதும் என்று மொத்தமாக லைனிலிருந்து கழன்றுகொள்ளும். போன மாதம் அப்படித்தான் ஆனது. எங்கள் ஊர் கீரப்பாளையம் வரைக்கும் கரெண்ட் இல்லை. நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த என் அம்மா அமிர்தத்தின் மோட்டார் பாதியில் நின்றது. "எம்பொண்ணு காத்தாடி ஆபீசுல இருக்கான்னு வெளிய சொல்லவே வெக்கமா இருக்குடி" என்றாள். அந்தச் சொல் இன்னும் சுடுகிறது.

அதனால் காற்றாலைகளின் செட்டிங்கை மாற்றினேன். வோல்டேஜ் சரிந்தாலும் ஓடிப்போகாதே, லைன் நிமிரும்வரை முடிந்ததைக் கொடுத்துத் தாங்கு என்பதுதான் அது. சைட் இன்சார்ஜ் கார்த்திகேசனுக்கு நம்பிக்கை இல்லை. "இந்தத் தடவையும் புடுங்கிக்கிச்சுன்னா பழைய செட்டிங்தான் மேடம். உங்களையும் வேற சைட்டுக்கு மாத்திடுவாங்க" என்று சொல்லிவிட்டார். கோளாறு வராமல் நான் எதை நிரூபிப்பது? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்கள். எனக்காக ஒரு மட்டை விழக் கூடாதா?

மதியச் சாப்பாடு கண்ணைச் சொக்க வைத்தது. ஜன்னல் வழியே உப்பங்கழியின் வாசனை. காற்றாலை இறக்கையின் நிழல் மேஜை மேல் வந்தது, போனது, மறுபடி வந்தது. தூங்கினேனா, விழித்திருந்தேனா, தெரியாது.

ட்யூப்லைட் மங்கியது.

ஒரு நொடிகூட இருக்காது. ஆனால் அதற்குள் ஒரு முழுப் பகல் இருந்தது. சுரபுன்னைக் காட்டுக்கு மேலே கரெண்ட் தள்ளாடித் தள்ளாடிப் போவதைப் பார்த்தேன். சிதம்பரத்துத் தையல் மிஷின்கள் தூக்கத்தில் ஓடுவதுபோல் ஓடின. அம்மா வரப்பில் நிற்க, மோட்டார் தண்ணீர் மெலிந்து மெலிந்து நூலாகிவிட்டது. "போயிடாதீங்கடி!" என்று காற்றாலைகளைப் பார்த்துக் கத்தினேன். வாய்விட்டுத்தான் கத்தினேனா? அவை உடம்பெல்லாம் குலுங்கின. ஆனால் ஒன்றுகூட லைனை விட்டுப் போகவில்லை.

வெளிச்சம் திரும்பியது. கார்த்திகேசன் ஸ்க்ரீன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "ஒண்ணுகூடக் கழலல மேடம்."

உடனே அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "கரெண்ட் போச்சாம்மா?"

"இல்லியே. தண்ணி அது பாட்டுக்குப் பாயுது. ஏன்டி?"

"ஒண்ணும் இல்லம்மா. இன்னிக்கு ஒண்ணுமே நடக்கல" என்று சொல்லும்போதே, சந்தோஷத்தில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழுவுறியா?" அம்மா பதறிப்போனாள். "வேல போயிடுச்சாடி? போனாப் போவுது, வுடு. நீ கெளம்பி வீட்டுக்கு வா."