இருபத்து நான்கு நாற்காலிகள்

…அடையாளம் வைக்க வேண்டாம் என்று அந்த அதிகாரி சொன்னதுதான் தச்சருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கழற்றுவது என்றாலே திரும்ப மாட்டுவதற்குத்தானே, கட்டிலோ கதவோ, இந்தத் துண்டுக்கு ஒரு கொத்து, அதன் ஜோடிக்கு ஒரு கொத்து என்று உளியால் தடம் வைக்காமல் இந்த முப்பது வருஷத்தில் ஒரு ஆணியைப் பிடுங்கியிருப்பாரா, இப்போதுகூட ஏழாவது நாற்காலியைக் கவிழ்த்ததும் கை தானாக உளிக்குத்தான் போகிறது, “அதெல்லாம் எதுக்கு மேஸ்திரி, தேவைப்படாது” என்றார் அதிகாரி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மரியாதையாகத்தான் சொன்னார். தேவைப்படாது என்றால்… நாற்காலிக்காரர்கள் திரும்பி வந்தால் எங்கே உட்காருவார்கள்? அதைக் கேட்க வாய் வரவில்லை, கேட்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது, அதற்காகத்தான் காலையில் விஷயம் தெரிந்த பிறகும் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டது. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தாயிற்று, பதினொன்றுக்குச் சட்டசபை கூடுகிறது, அதற்குள் சீட்டில் எழுதிக் கொடுத்த இருபத்து நான்கு நாற்காலியும் மண்டபத்தை விட்டுப் போயிருக்க வேண்டும், நாலு போல்ட் கழன்ற இடத்தில் நாலு குழி, அதில் மர முளையை இறக்கி, வஜ்ஜிரப் பசை தடவி, மட்டமாகச் சீவி, உப்புத்தாள் போட்டு, மெருகேற்றி… டிவிக்காரன் காட்டும்போது நடுநடுவே பல் விழுந்த வாய் மாதிரித் தெரியக்கூடாதாம்.

முளைகளை நேற்றே வீட்டில் செதுக்கிவிட்டார். நூறு, தேவை தொண்ணூற்று ஆறுதான், நாலு உடைந்தால் இருக்கட்டும் என்று. தரைப் பலகை வேலை என்று மட்டும்தான் நேற்றுச் சொல்லியிருந்தார்கள், எந்தத் தரை, எதற்கு என்று யார் கேட்டார்கள். அதே அறையில் அந்தப் பக்கம் தம்பி மனைவி அவனுடைய நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், காலரை மூன்று தடவை, நான்கு தடவை, “தொண்ணூறு நாள் நாளையோட முடியுது இல்லையா மாமா, முடிஞ்சா விட்டுத்தானே ஆகணும்” என்று கேட்டாள், ஆமாம்மா, சட்டத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கு, அவசரச் சட்டம் இருக்கிற வரைக்கும்தான் உள்ளே வைக்கலாம் என்று இவரும் பெரிய வக்கீல் மாதிரி சொன்னார், அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து இவர் காலடியில் கிடந்த மரச்சுருளை எல்லாம் கூட்டி அள்ளினாள். இப்போது சிறை வாசலில் நிற்பாள், பையில் சட்டை, மடிப்புக் கலையாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு…

எட்டாவது. போல்ட்டில் துரு, ஸ்பானர் வழுக்குகிறது. எண்ணெய்க் கிடங்கு நாலு நாள் எரிந்தபோது வானமே இந்தத் துரு நிறத்தில்தான் இருந்தது, ஊரே இருமியது, ஐந்தாம் நாள், ஆட்சியில் இருக்கிற பெரியவர் டிவியில் வந்தார், முகத்தில் கரியோடு, கழுவாமலே வந்திருந்தார், எனக்கு அதிகாரத்தில் ஆசையில்லை, தொண்ணூறே நாள் கொடுங்கள், எரித்தவனைப் பிடித்துவிட்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். நல்ல மனுஷன் என்று டீக்கடையில் முதலில் சொன்னது யார்? நாலு பேரைத் தூக்கி உள்ளே வைத்தால்தான் சரிப்படும் என்று கிளாஸை நங்கென்று வைத்தது யார்? நான்தானே… அந்த நாலு பேரில் ஒருத்தன் என் தம்பியாக இருப்பான் என்று யாருக்குத் தெரியும். கிடங்கில் பீப்பாய் உருட்டியவன், அபாய மணி ஒரு வருஷமாகவே அடிக்கவில்லை, ஒருத்தனும் தீ வைக்கவில்லை, கம்பி பழுதாகித் தானாகப் பற்றியது என்று அதே டீக்கடையில் சொன்னான், பொய்யா சொன்னான், கூட வேலை பார்த்த ஆறு பேர் கரிக்கட்டையாகக் கிடந்ததைப் பார்த்தவன், மறுநாள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், வதந்தியாம். பத்து நாள் கழித்துக் கிடங்கிலிருந்து காகிதம் வந்தது, அனுமதியில்லாமல் தொடர்ந்து பத்து நாள் வேலைக்கு வராததால் உன் பெயர் நீக்கப்படுகிறது என்று… உள்ளே வைத்தவர்களும் நீங்களே, வரவில்லை என்று சொல்கிறவர்களும் நீங்களேவா.

பதினான்காவது நாற்காலியின் வலது கைப்பிடியில் நகத்தால் கீறிய பள்ளம். இது வக்கீலம்மாவுடையது, போன வருஷம் தச்சரேதான் வந்து இழைத்துக் கொடுத்தார், பேசும்போது கட்டை விரல் சும்மா இருக்காது மேஸ்திரி, மன்னிச்சுக்குங்க என்று சிரித்த அம்மாள், எதிர்க்கட்சி வரிசையிலேயே குரல் பெரிசு, அன்றைக்கு அவரும்தான் அவசரச் சட்டத்துக்குக் கை தூக்கினார், ஊர் எரியும்போது கட்சி என்ன என்று. அடுத்த மாதமே அதே சட்டத்தில் அவரையும் உள்ளே வைத்தார்கள். மண்டபத்துக் காவலாளி, சாவிக்கொத்தோடு திரிவதால் எல்லாருக்கும் அவர் சாவிதான், பக்கத்தில் வந்து குந்தினார், “முப்பது நாள் சேந்தாப்ல சபைக்கு வரலைன்னா எடம் காலின்னு ஒரு விதி இருக்குண்ணே, பெரியவர் போட்டது இல்ல, அதுக்கும் முன்னாடியே இருக்கு. சோம்பேறிகளுக்காகப் போட்டாங்க. நேத்து ராத்திரியோட இந்த இருவத்தி நாலு பேருக்கும் முப்பது முடிஞ்சிருச்சு.” ஜெயிலில் இருக்கிறவர் எப்படி வருவார்? “அதையே ஒருத்தர் சபையில கேட்டாரு. லீவு லெட்டர் குடுத்திருக்கலாமேன்னாங்க” என்று சொல்லி, சிரிக்காமல் கொட்டாப்புளிச் சுத்தியலை எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார், “அவசரச் சட்டத்த இன்னும் இழுக்கணும்னா மூணுல ரெண்டு பங்கு கை வேணும். நூத்தம்பது பேருக்கு நூறு. பெரியவர்கிட்ட இருக்கறது எம்பத்தி நாலு. பதினாறு கொறையுது, தேடித் தேடிப் பாத்தாரு, கெடைக்கல. இப்ப இருவத்தி நாலக் கழிச்சுப் பாருங்க.” தச்சருக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அங்குலத்தையும் நூலையும் பிரித்துப் பிழைக்கிறவர், நூற்று இருபத்தாறு, அதை மூன்றாக அறுத்தால் நாற்பத்திரண்டு, அதில் இரண்டு… கை அப்படியே நின்றது. எண்பத்து நாலு. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, இழைத்து வைத்த மாதிரி உட்காருகிறதே, இவ்வளவு சுத்தமாக நானே எதையும் பொருத்தியதில்லையே. அப்படியானால் இன்றோடு முடியாதா? அவள் காலையிலிருந்து நிற்கிறாளே, அவனுடைய சட்டை… எழுந்து போய்விடலாமா, கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு? போனால் வேறு ஒருத்தன் வருவான், போல்ட் தலையை உடைப்பான், பலகையைப் பிளப்பான், ஆனாலும் கழற்றிவிடுவான். நாற்காலியா ஓட்டுப் போடுகிறது, கணக்கு நேற்று ராத்திரியே முடிந்துவிட்டது, நான் வெறும் மரவேலைக்காரன்… தவிர, அந்த அதிகாரி காலையில் கேட்டாரே, “உங்க தம்பி உள்ள இருக்காராமே, வேலைய நல்லபடியா முடிங்க, பேசுவோம்” என்று. பேசுவோம் என்றால் ஏதோ இருக்கிறது. நல்லபடியா முடிங்க. ஸ்பானரை மறுபடி மாட்டினார், பதினைந்தாவது நாற்காலி முன்னைவிடச் சீக்கிரமாகக் கழன்றது.

கடைசிக் குழியில் முளையை இறக்கி, அடித்து, வழிந்த வஜ்ஜிரத்தைக் கட்டை விரலால் வழித்து, மர ரேகை ஓட்டம் பலகையோடு சேர்கிறதா என்று முகத்தைத் தரையோடு வைத்துப் பார்த்து, சேராததால் பிடுங்கி, கொஞ்சம் திருப்பி மறுபடி அடித்து… எழுந்தபோது மணி பத்தே முக்கால். மீதி நாற்காலிகளின் போல்ட்டைச் சாவி லேசாகத் தளர்த்தி, நீள ஓட்டை விட்ட அளவுக்கு ஒவ்வொன்றாக நகர்த்தி இடைவெளி தெரியாமல் நிரவிக்கொண்டிருந்தார். அதிகாரி வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார், குனிந்தார், தடவினார், “அடடா, இங்க ஒண்ணு இருந்த மாதிரியே தெரியலையே மேஸ்திரி” என்றார். வெட்கமாக இருந்தது, அந்த ஒரு வார்த்தைக்கு நெஞ்சு குளிர்ந்ததை நினைத்தால்… “சார், தம்பி விஷயம்…” “சொல்லியிருக்கேன், சொல்லியிருக்கேன். பயப்படாதீங்க, இன்னொரு தொண்ணூறு நாள்தானே, ஓடிரும்.” இன்னும் சபையே கூடவில்லை. ஒருத்தரும் கை தூக்கவில்லை. வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் மட்டும்தான் கேட்க ஆரம்பித்திருந்தது. “முளை ஏதாவது மிச்சம் இருக்கா?” நாலு இருக்கு சார். “பத்திரமா வச்சிருங்க” என்றார் அதிகாரி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “அடுத்த வாரம் கூப்பிடுவோம்.”

நாலு முளை, ஒரு நாற்காலிக்குச் சரியாக இருக்கும்.

உறுப்பினர்கள் உள்ளே வருவதற்குள் பின்கதவு வழியாகப் போகச் சொன்னார்கள். பையில் தொண்ணூற்று ஆறு போல்ட்டும் தோளை இழுத்தன, அவற்றை ஏன் அள்ளிப்போட்டுக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது, நாற்காலிகளுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் சின்னதாக ஒரு கொத்து வைத்ததும் அப்படித்தான், ஒன்று, இரண்டு என்று இருபத்து நாலு வரைக்கும், அப்போது உள்ளுக்குள் கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தது. ஆனால் தரையில்? நாற்காலிக்குத் தன் எண் தெரியும், தரைக்குத் தெரியாதே, ஜோடியில் பாதிக்கு மட்டும் தடம் வைத்து என்ன பிரயோசனம்… நடந்துகொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பலகையைத் துழாவினார், வக்கீலம்மாவின் இடம் இங்கேதான், இந்தத் தூணுக்கு நேராக, இல்லை, அடுத்த தூணுக்கா… பெருவிரலை அழுத்தி அழுத்தித் தேய்த்தார், வழவழவென்று இருந்தது, எங்கேயும் தட்டவில்லை. சிறை வாசலுக்குப் போக வேண்டும், அவளிடம் இதைச் சொல்ல வேண்டும், கையில் வஜ்ஜிர வாடை அடிக்கிறது, அவளுக்கு அந்த வாடை தெரியும். ஒரு குழியை, ஒரே ஒரு குழியை மூடாமல் விட்டிருக்கலாம், மறந்துபோச்சு சார் என்று சொல்லியிருக்கலாம், யாருடைய காலாவது இடறி, இங்கே என்ன இருந்தது என்று கேட்டிருப்பார்கள்… பயந்துபோய் அப்படிச் செய்யவில்லை என்றாலாவது அவளிடம் சொல்லிக்கொள்ளலாம். அது இல்லையே. கடைசி முளையைப் பிடுங்கித் திருப்பி அடித்தபோது மனசில் பயம் இருந்ததா, ரேகை சேர வேண்டும் என்பது மட்டும்தானே இருந்தது…