காதும் காதும் வைத்த மாதிரி

என் தொழிலில் எனக்கிருந்த ஒரே சொத்து காது. ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்தால் போதும், உள்ளே எது தகராறு செய்கிறது என்று சொல்லிவிடுவேன். டிரைவர்கள் எனக்கு வைத்த பெயரே காதுக்காரர். ஸ்கேனரைப் பார்த்துக்கொள்ள மனைவியின் தம்பி இருந்தான். அந்தப் பெட்டி எழுத்தைத்தான் காட்டும், இன்ஜின் பேசுவதை நான்தான் கேட்பேன் என்று அவனிடம் பீற்றிக்கொள்வேன். "ஆமா மாமா" என்பான். எதற்கும் அதே "ஆமா மாமா"தான். மைத்துனன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன், மடையன்.

அன்று காலை நர்ஸ் ஒருத்தியின் கார் மறுபடியும் வந்து நின்றது. இன்ஜின் லைட் எரிந்தபடி இருந்தது. கேம்ஷாஃப்ட் சென்சார் கோளாறு என்றது ஸ்கேனர். முதல் தடவை வந்தபோது சென்சாரையே மாற்றினேன். அடுத்த தடவை அதற்குப் போகும் வயரையும் கனெக்டரையும் மாற்றினேன். இப்போதும் அதே கோளாறு. சென்சார் பாவம், கேம்ஷாஃப்ட் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அதைச் சுற்றவைக்கும் டைமிங் செயின் தளர்ந்து கேம்ஷாஃப்ட் பிந்திச் சுற்றினாலும் பழி சென்சார் தலையில் விழும். இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் செயின் தளர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்தவுடன் இரும்பும் இரும்பும் உரசுகிற சரசரப்பு கேட்க வேண்டும். அப்படி ஒரு சத்தமே இல்லை என்று இரண்டு தடவையும் அடித்துச் சொன்னவன் நான்.

"ஸ்டார்ட் பண்ணும்போது சரசரன்னு ஒரு சத்தம் வருதுண்ணே" என்றாள் நர்ஸ்.

மைத்துனனை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டேன். இன்ஜின் சுத்தமாக ஓடியது. நாள் முழுக்க நோயாளிகளோடு இருந்து இருந்து காருக்கும் நோய் பார்க்கிறீர்கள் என்று அவளைக் கிண்டல் செய்தேன். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு என் முதுகுக்குப் பின்னால் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

பக்கத்தில் ஒரு வேன் நின்றது. அதன் ஜன்னல் கண்ணாடியில் என் மைத்துனன் தெரிந்தான். காரிலிருந்து இறங்கி எனக்குப் பின்னால் வந்து நின்று, தன் காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து ஆட்டினான். அப்புறம் உதட்டின்மேல் விரலை வைத்தான்.

சட்டென்று திரும்பி, என்ன சைகை அது என்றேன். ஒன்றுமில்லையாம்.

"இப்ப உனக்கு என்ன கேக்குது?"

"நீங்க சொன்னதுதான் மாமா."

பொய் சொல்லத் தெரியாத நர்ஸுக்குத்தான் தாங்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நான் மதியம் சாப்பிடப் போனதும் காரைக் கொண்டு வரும்படி அவளிடம் சொல்லியிருந்தானாம். அடுத்த கொட்டகையில் வைத்துச் செயினை மாற்றித் தருகிறேன், அவருக்குத் தெரிய வேண்டாம் என்றானாம். மதியம் டூட்டி போட்டுவிட்டதால் அவள் காலையிலேயே வந்துவிட்டாள். அவள் கார் மட்டும் இல்லை. சத்தம் இல்லை என்று நான் அனுப்பிவைத்த கார்கள் பலவும் அந்த வழியாகத்தான் போய் வந்திருக்கின்றன.

மதியச் சாப்பாடு. போன வருஷம்வரை டிபன் கேரியரில் கொண்டுவந்துதான் சாப்பிட்டேன். திடீரென்று ஒருநாள், ஆறினதைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுப் போங்கள் என்றாள் மனைவி. இந்த வயதில் இவளுக்கு என்மேல் இவ்வளவு ஆசையா என்று பூரித்துப்போனேன். நான் குறட்டை விட்ட நேரத்தில் அக்காளும் தம்பியும் சேர்ந்து என் வேலையைத் திருத்தியிருக்கிறார்கள், காதும் காதும் வைத்த மாதிரி. அதில் கேட்காத காது மட்டும் என்னுடையது.

அக்காவுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு முனகினான். சத்தமாகச் சொல்லித் தொலை என்றேன்.

"அக்காதான் மாமா மொதல்ல கண்டுபிடிச்சது. பின்னாடி நின்னு கூப்பிட்டா நீங்க திரும்பறதில்லையாம். சொன்னா ஒடஞ்சு போயிடுவீங்கன்னு..."

"காது போனாப் போகட்டும்டா. என்னைய ஏன்டா பொம்மையாக்கினீங்க?"

ஆட்களெல்லாம் வாய்க்குள்ளேயே பேசப் பழகிவிட்டார்கள் என்று நான் குறைப்பட்டுக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களெல்லாம் சிரிக்காமல் தலையாட்டினார்கள். அதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது. அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மாமா இது தப்பு என்று சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன், மறுநாள் கேட்டுக்கொண்டிருப்பேன். என் முகத்துக்கு நேரே தலையாட்டிவிட்டு முதுகுக்குப் பின்னால் கழற்றிப் பூட்டியவனை என்ன செய்வது?

காரை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். இந்த முறை காதை நம்பவில்லை. இன்ஜினின் முன்பக்கம், செயினை மூடியிருக்கும் இடத்தில் உள்ளங்கையைப் பதித்தேன். ஸ்டார்ட் ஆன அந்த நொடியில் கைக்கு அடியில் ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது.

"செயின்தான். அத இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் போயிருக்கு" என்றேன்.

நர்ஸ் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக அவனைப் பார்த்தாள். அவன் தலையசைத்த பிறகுதான் சரி என்றாள். நான் சரியாகத்தான் சொல்லியிருந்தேன். அதற்கும் அவன் சாட்சி தேவைப்பட்டது.

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. மனைவி. கத்திப் பேசுவது அவள் வழக்கமாகிவிட்டது, சிக்னல் சரியில்லை என்பாள். இன்று கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுங்கள், உங்களுக்குப் பிடித்ததாகச் சமைத்திருக்கிறேன் என்றாள். செயின் வேலைக்கு நேரம் பிடிக்கும். தம்பி சொல்லிவைத்திருக்கிறான்.

"இன்னைக்கு எத்தன கார் வருது?" என்று கேட்டேன்.

மறுமுனையில் ஒன்றுமில்லை. ஃபோனை அழுத்திப் பிடித்தேன், அடுத்த காதுக்கும் மாற்றிப் பார்த்தேன். அவள் பேசாமல் இருக்கிறாளா, அழுகிறாளா, மெதுவாக ஏதாவது சொல்கிறாளா, தெரியவில்லை. அவனிடம் நீட்டி, உன் அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்கலாம். அவன் சொல்வதை நான் எதை வைத்து நம்புவது?