சமையலறைக்குள் போன கிராபிக்ஸ் கார்டு

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் வீட்டுப் பிளான் போட்டுத் தருகிற ராஜாங்கம் சாரின் அலுவலகத்தில் இருந்த கம்ப்யூட்டர், ஏதோ ஒரு அரசு ஆபீஸ் கழித்துக் கட்டியபோது ஏலத்தில் வந்தது. கடிதம் அடிக்கப் பிறந்த பெட்டி அது. அதில்தான் தேவதர்ஷினி நான்கு வருடமாக ஊர்க்காரர்களுக்கு வீடு வரைந்துகொண்டிருந்தாள். ஒரு கோடு போட்டால், அது திரையில் வருவதற்குள் எதிர்க்கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். குறை சொன்னால் சார் விட மாட்டார். "கவர்மெண்டு ஆபீஸ்ல இருந்த மெஷினும்மா, நிதானமாத்தான் வேல செய்யும்" என்பார், தன் பிள்ளையைச் சொல்கிற மாதிரி.

கச்சிராயபாளையம் பொன்னுரங்கம் வந்த பிறகுதான் விஷயம் வினையானது. மலையடிவாரத்தில் கரும்பு போட்டிருக்கிறவர். கூரை வீட்டைப் பிரித்துவிட்டு மாடி வீடு கட்டப் போகிறார். வாசலில் இரண்டு சிங்கம், இரண்டு கார் நிற்கிற அளவுக்குப் போர்டிகோ. வீட்டில் இருப்பது ஒரே ஒரு மொபெட். போர்டிகோவுக்கு இடம் பற்றாதபோது எதைக் குறைப்பது என்று அவரும் சாரும் ஒன்றும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சமையலறையைக் குறைத்தார்கள். எட்டுக்கு ஆறு அடி, அதிலும் ஓரத்தில் ஒரு தூண்.

மறுநாள் அவர் மனைவி அமிர்தம் தேவதர்ஷினிக்குப் போன் செய்தார்.

"பாப்பா, பேப்பர்ல கோடு கோடா இருக்குது, எனக்கு ஒன்னும் வெளங்கல. அந்த மனுசன் எல்லாம் பெருசாத்தான் இருக்குதுங்கறாரு. கம்ப்யூட்டர்ல வூட்டுக்குள்ள நடந்து காட்டுவியாமே, அத எனக்குக் காட்டு. திங்கக்கெழம பூஜ. கடக்கால் தோண்டிட்டா அப்புறம் நான் வாயத் தொறந்து இன்னா ஆவப்போவுது?"

அந்தக் கடைசி வார்த்தை தேவதர்ஷினிக்கு நெஞ்சில் தைத்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் வாங்கக்கா, காட்டுறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் தன் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்குள் நடந்து காட்ட, திரையில் படத்தை ஓடவிடுகிற கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அந்தக் கார்டைத் தாங்கப் பெரிய பவர் சப்ளையும் வேண்டும். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தாள். சார் எதையும் பாதியாக வாங்குகிறவர். செருப்பை மட்டும் ஜோடியாக வாங்குவார், கடைக்காரர் ஒற்றையாகத் தர மாட்டார் என்பதால். கார்டு மட்டும் வந்தது.

"பவர் சப்ளதான் உள்ளயே ஒன்னு இருக்குதேம்மா. அது இன்னா சும்மாவா குந்திகினு இருக்குது?"

பஸ் நிலையத்துக்கு எதிரே சர்வீஸ் கடை வைத்திருக்கும் செழியன் மாட்டித்தர வந்தான். பெட்டியைத் திறந்ததுமே உதட்டைப் பிதுக்கினான்.

"சார், இதுக்குத் தனியா ஒரு கரண்டு வயர் குத்தணும். பழைய சப்ளைல அந்த வயரே இல்ல. இருந்தாலும் தாங்காது."

"ஏதாச்சும் ஜாயிண்ட் அடிச்சி வுடுய்யா."

அடித்தான். கம்ப்யூட்டர் எழுந்தது. திரையில் கேட் வந்தது, போர்டிகோ வந்தது. முதல் சிங்கம் முகத்தைக் காட்டியதும் பொட்டென்று அணைந்தது. ஐந்து முறை போட்டுப் பார்த்தார்கள். ஐந்து முறையும் முதல் சிங்கத்தைத் தாண்டவில்லை.

கரண்டு பற்றவில்லை என்று சார் கண்டுபிடித்தார். ஃபேனை நிறுத்தினார். டியூப்லைட்டை நிறுத்தினார். பக்கத்து ஜெராக்ஸ் கடையிலும் போய்ச் சற்று நேரம் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். அரை இருட்டில், வியர்க்க வியர்க்க, மூன்று பேரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிங்கம் வந்தது, கம்ப்யூட்டர் போனது.

தேவதர்ஷினிக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. "சார், நாலரை இஞ்சு சுவத்து மேல மூணு மாடி ஏத்துவீங்களா?"

"இன்னாம்மா கேள்வி இது? எவனாச்சும் ஏத்துவானா?"

"இப்ப நாம அதத்தான் சார் செஞ்சிகினு இருக்கோம்."

அது ஒன்றுதான் அவருக்கு உறைத்தது. மறுநாளே பெரிய பவர் சப்ளை வந்துவிட்டது. பழைய பெட்டிக்குள் அது நுழையவில்லை, பிளக்கும் பொருந்தவில்லை. செழியன் எங்கெங்கோ அலைந்து ஒரு மாற்று வயரைப் பிடித்து வந்து போட்டு, சப்ளையைப் பெட்டிக்கு வெளியே ஒரு மரப்பலகையில் உட்கார வைத்தான். குடலை எடுத்து வெளியே வைத்த மாதிரி இருந்தது. ஆனால் இரண்டு சிங்கமும் வந்தன. தேவதர்ஷினி வாசலைத் தாண்டி ஹாலுக்குள் நடந்து, சமையலறை வரை போய்விட்டுத் திரும்பினாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம், செழியனுக்குத் தன் செலவில் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தால், அலுவலகமே ஊதுபத்தி மணத்தில் கமகமத்தது. திரை மட்டும் கருப்பாக இருந்தது. சார் கைகட்டி நின்றார்.

"புதுசு ஆச்சேன்னு ஒரு சின்ன பூஜ போட்டேம்மா."

பெட்டிக்குள் இருந்த கார்டை சாமி எப்படிப் பார்ப்பார்? அதனால் வெளியே பிடுங்கியிருக்கிறார். பொட்டு வைக்க முகம் எது என்று தேடியிருக்கிறார். அடி விளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாக மின்னியது மங்களகரமாகத் தெரிந்திருக்கிறது. அத்தனை மின்னலுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டிவிட்டு, தானே பக்தியோடு திரும்பச் செருகியிருக்கிறார். கார்டு பேச வேண்டிய வாயையே சந்தனம் வைத்து அடைத்துவிட்டார் மனிதர்.

செழியன் அப்போது உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் இருந்தான். போனில் விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்துத் தீர்த்தான். பிறகு, "பிளக்கப் புடுங்கிட்டு, பென்சில் ரப்பரால அந்த வெளிம்ப நல்லா தேய்ங்க. தண்ணி படக்கூடாது. உள்ள உதுந்தத காஞ்ச பிரஷ்ஷால தட்டுங்க" என்றான்.

தேய்த்தாள். அமிர்தம் போனில் கேட்டதற்காக இவ்வளவு தூரம் வந்தாயிற்று, சந்தனத்தில் வழுக்கி விழுவதா என்று ஆத்திரமாக வந்தது. ரப்பர் துகளை ஊதித் தள்ளிவிட்டு, கார்டைச் செருகி, சுவிட்சைப் போட்டாள். திரை வெளிச்சமானபோது பொன்னுரங்கமும் அமிர்தமும் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, பூஜ போட்டதாலதான் பொழச்சிக்கிச்சு" என்றார் சார்.

பொன்னுரங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது சிங்கத்தைப் பார்த்தார். வலது சிங்கத்தைப் பார்த்தார். தூரத்திலிருந்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் தேவதர்ஷினி கல்வராயன் மலையின் போட்டோவை ஒட்டியிருந்தாள். மலையைவிடத் தன் சிங்கம் பெரிதாகத் தெரிந்ததில் அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இருபது நிமிடம் போயும் வீட்டுக்குள் ஒருவரும் நுழையவில்லை.

"சமையல்கட்டுக்குப் போ பாப்பா" என்றார், பின்னால் நின்றுகொண்டிருந்த அமிர்தம்.

போனாள். அடுப்பு, கிரைண்டர், பிரிட்ஜ் எல்லாவற்றையும் அளவு பிசகாமல் முன்பே வைத்திருந்தாள். சாப்ட்வேரில் இருந்த பொம்மைகளில் புடவை கட்டின பெண் கிடையாது. கோட்டுப் போட்ட வெள்ளைக்காரி ஒருத்திதான் இருந்தாள். அவளை அமிர்தத்தின் உயரத்துக்குக் குறைத்து நிறுத்தியிருந்தாள். வெள்ளைக்காரி பிரிட்ஜைத் திறந்தாள், கதவு தூணில் இடித்தது. அடுப்புப் பக்கம் திரும்பினாள், முழங்கை கிரைண்டருக்குள் போனது.

"இன்னொருக்கா திருப்பு" என்றார் அமிர்தம். திருப்பினாள். மறுபடி இடித்தது.

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் சின்னதா தெரியும்" என்றார் பொன்னுரங்கம்.

"டைல்ஸ் ஒட்டுனா பெருசாயிடும்" என்றார் சார். டைல்ஸ் ஒட்டினால் சுவர் இன்னும் உள்ளேதான் வரும்.

அமிர்தம் குரலை உயர்த்தவில்லை. "இருவத்தாறு வருசமா கூரைக்குள்ள குனிஞ்சிகினே ஆக்கிப் போட்டேன். மாடி வூடு கட்டியும் திரும்ப முடியலன்னா எனக்கு எதுக்கு இது? திங்கக்கெழம பூஜைக்கு நான் வந்து நிக்கமாட்டேன். அந்த ரெண்டு சிங்கத்துல ஒன்ன பக்கத்துல நிறுத்திக்குங்க."

பெண்டாட்டி பக்கத்தில் நிற்காமல் பூமி பூஜை நடந்தால் ஊர் என்ன பேசும் என்று பொன்னுரங்கத்துக்குத் தெரியும். அவர் சாரைப் பார்த்தார். சார் கம்ப்யூட்டரைப் பார்த்தார். இந்த நேரம் பார்த்து அது அணைந்தால் தேவலாம் என்று மனதார வேண்டியிருப்பார். அது முரண்டு பிடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ எடம் வேணுமாம், கேளும்மா" என்றார் பொன்னுரங்கம், மனைவி பக்கம் திரும்பாமல்.

தேவதர்ஷினி கேட்கவில்லை. மேசையிலிருந்து அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அமிர்தம் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு அலுவலகத்தின் நடுவில் வந்து நின்றார். இரண்டு கைகளையும் முழுதாக நீட்டி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். கை எதிலும் இடிக்கவில்லை. கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கையை இறக்கவில்லை.

"இவ்ளோ" என்றார்.

ராஜாங்கம் சார் வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.