பின்னால் நின்ற தலை

அரியலூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. 1979, பங்குனி வெயில். டிரைவர் பழனிவேல் அம்பாசிடரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். பின்சீட்டில் டாக்டர் தர்மராஜ் சரிந்து, தலையைச் சீட்டிலேயே சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஹாரன் இல்லை, பிரேக் சத்தம் இல்லை. பின்னாலிருந்து ஒரே இடி. பழனிவேல் இறங்கிப் பார்த்தான். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று காரை முட்டிக்கொண்டு நின்றது. அதன் ஸ்டியரிங் முன்னால் யாருமில்லை.

டீ குடிக்க இறங்கியிருந்த லாரிக்காரன் ஓடிவந்தான். "பிரேக்கு நழுவிடுச்சுங்க."

காரில் சின்ன நசுங்கல்தான். ஒருவருக்கும் காயமில்லை.

மறுநாள் காலை பழனிவேலால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மனைவி கொளஞ்சியம்மாள் கூப்பிட்டபோது மொத்த உடம்போடு திரும்பினான்.

"ஏங்க இப்புடித் திரும்புறீங்க? பாக்கவே பயமா இருக்குது."

சவரம் செய்ய உட்கார்ந்தபோது அவனுக்கே பயம் வந்தது. அவன் முகத்தைத் திருப்பினான். கண்ணாடிக்குள் இருந்தவன் ஒரு கணம் அவனையே பார்த்துவிட்டு, அப்புறம்தான் திரும்பினான்.

கண்ணாடி விஷயத்தை அவன் சொல்லக் கேட்டு, டாக்டர் அவன் கழுத்தை அழுத்திப் பார்த்தார். "தலைசுத்தல்தான் அப்புடிக் காட்டுது. லாரி இடிச்சப்ப சீட்டு உன் முதுகத் தள்ளிடுச்சு. ஆனா சீட்டு தோளோட முடிஞ்சுபோவுது. ஒடம்பு முன்னால போயிடுச்சு, தலை பின்னாலயே நின்னுடுச்சு. நான் சாஞ்சிருந்தேன், சீட்டு என் தலையையும் தாங்கிக்கிச்சு."

தலை பின்னாலயே நின்னுடுச்சு. பழனிவேல் அன்றிரவு தூங்கவில்லை. தன்னுடைய ஏதோ ஒன்று இன்னும் அந்தக் கேட்டிலேயே நிற்பதுபோல் இருந்தது.

ஆறு வாரத்தில் வலி போனது. கண்ணாடியில் இருந்தவனும் ஒழுங்காகத் திரும்பினான். பெரம்பலூரில் சீட்டு தைக்கும் செல்லப்பன், டிரைவர் சீட்டின் மேல் இரண்டு கம்பி பற்றவைத்து ஒரு மெத்தையைப் பொருத்தினார்.

டாக்டர் பார்த்துவிட்டு, "கழுத்துக்கு இல்லப்பா, பின்மண்டைக்கு. காது உயரத்துக்கு ஏத்து. தலைய ஒட்டி இருக்கணும்" என்றார்.

ஐப்பசி மழையில், பாடாலூர் அருகே ஆட்டுமந்தை ரோட்டைக் கடந்தது. பின்சீட்டில் டாக்டர் இருக்க, பழனிவேல் காரை நிறுத்தினான். பின்புறம் காட்டும் கண்ணாடியில் ஒரு பஸ் சறுக்கிக்கொண்டே பெரிதாகி வந்தது. ஒதுங்க இடமில்லை.

"சார், தலையச் சாச்சுக்குங்க!"

தன் தலையையும் மெத்தையில் அழுத்திக்கொண்டான். இடித்தது. பின்கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

"பழனிவேலு?"

அவனுக்குத் திரும்பப் பயமாக இருந்தது. தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினான். பிறகு வலப்பக்கம். வலியில்லை.

"வந்துடுச்சு சார்."

"என்னது?"

"தலை."

சொல்லும்போதே அழுதுவிட்டான். டாக்டர் அவன் தோளைத் தட்டிவிட்டு, கண்ணாடித் தூளை உதறிக்கொண்டு இறங்கினார். பஸ்ஸுக்குள் யாரோ அலறிக்கொண்டிருந்தார்கள். இருவரும் மழையில் அங்கே ஓடினார்கள்.