ஸ்பேனர் அணைந்த வெள்ளிக்கிழமை

என் வீட்டுக்காரர் அஸ்கர் அலிக்கு ஒரு வீம்பு உண்டு. தன் வண்டியில் வேறொருவன் கை வைக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவர். அங்கே நாள் முழுக்க மிஷின்களோடு மல்லுக்கட்டுவது போதாதென்று, லீவு நாளிலும் கையில் கிரீஸோடுதான் சோற்றுக்கு வருவார். திட்டினால் சிரிப்பார்.

"சர்வீஸ் சென்டர்ல இன்னா பெருசா பண்றான்? பழைய ஆயில எடுக்கறான், புது ஆயில ஊத்தறான். அதுக்கு நான் ஏன் மெட்ராஸ் வரைக்கும் போவணும்?" என்பார்.

நாங்கள் வாங்கியது பழைய கார்தான். ஆனால் ஒரு காலத்தில் பெரிய இடத்து வண்டி. சர்வீஸ் செய்யும் காலம் வந்துவிட்டால் அதுவே சொல்லிவிடும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன ஸ்பேனர் எரியும். எங்களிடம் வந்த பிறகு முதல் தடவையாக அது எரிந்தபோது, அவர் எனக்கு ஒரு சட்டம் போட்டார்.

"இத பாரு ஜபீன். இந்த ஸ்பேனர் எரியற வரைக்கும் வண்டிய தொடாத. அது அணைஞ்சா வண்டி ரெடின்னு அர்த்தம். அப்புறம் நீ எங்க வேணா எடுத்துக்கினு போ."

சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்டாட்டி என்று என்னை யாரும் சொன்னதில்லை. ஆனால் எனக்கு டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டி, பழவேற்காட்டுத் தெருவில் நாலு பேர் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க வைத்தவர் அவர். அதனால் வண்டி விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு கேட்பேன்.

ஆயில் மாற்றுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த விளக்கை அணைப்பதுதான் தெரியவில்லை. எதை எதையோ அழுத்திப் பார்த்தும் ஸ்பேனர் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, வண்டிக்கு அடியில் படுத்துப் பழைய ஆயிலை வடித்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்யும் சந்திரமோகன் போன் செய்தார். அவருக்கு யாரோ வழி சொல்லியிருந்தார்கள். கிலோமீட்டர் காட்டும் இடத்தில் இருக்கிற பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைப் பாதி திருப்ப வேண்டும். ஸ்பேனர் சிமிட்டும். சிமிட்டி முடிகிற வரை விரலை எடுக்கக் கூடாது.

இவருக்குப் பொறுமை ஏது? அப்படியே எழுந்து, ஆயில் கையோடு உள்ளே உட்கார்ந்து அழுத்தினார். ஸ்பேனர் சிமிட்டியது, அணைந்தது. குழந்தை முதல் அடி வைத்த மாதிரி என்னைக் கூப்பிட்டு, எந்தப் பொத்தானை எப்படி அழுத்தினார் என்றும் காட்டினார். மீன் கழுவிய கையோடு வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "பெரிய சாதனைதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்குள் ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. எங்கள் தெருதான் பள்ளிவாசலுக்குப் போகிற வழி. ஊரே வெள்ளை உடுத்தி நடந்துவரும். தரையில் ஒரு சொட்டு ஆயில் கிடந்து அது யார் கைலியிலாவது பட்டுவிட்டால், தொழுகை கெட்டுப்போச்சு என்று தெருவே அவரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அவசர அவசரமாக அடிமூடியை முறுக்கிப் போட்டு, பழைய ஆயிலைக் கேனில் ஊற்றிக் கொல்லையில் வைத்து, தரையை மணல் போட்டுத் துடைத்துவிட்டுக் குளிக்கப் போனார். புது ஆயிலைத் தொழுதுவிட்டு வந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. என்னிடம் சொல்லவில்லை. ஸ்பேனர் அணைந்த வண்டி, பளிச்சென்ற வாசலில், உள்ளே ஆயிலே இல்லாமல் நின்றது.

அவர் போன கொஞ்ச நேரத்தில் என் வாப்பா பக்கீர் முகம்மது வந்தார். அடுத்த தெருவில் தனியாக இருக்கிறவர். அவர் ஜும்மாவை விட்டு நான் பார்த்ததே இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுத் தொப்பி வைத்துப் பள்ளிவாசலுக்குக் கிளம்பியவர், பாதி வழியில் திரும்பி என் வீட்டுக்கு வந்திருக்கிறார். அதைப் பார்த்ததுமே கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"ஒண்ணுமில்லம்மா. நெஞ்சுல இன்னாமோ வெச்சு அழுத்தறாப்ல கீது. கொஞ்சம் தண்ணி குடு."

தண்ணீரை வாங்கியவர் குடிக்கவில்லை. முகமெல்லாம் வேர்த்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தார். என் உம்மாவும் இப்படித்தான் சாய்ந்தாள். அன்றைக்கு வண்டி பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போன் செய்தால் கூப்பிட்டதும் வருகிற ஆம்புலன்ஸ் எல்லாம் அப்போது கிடையாது. தெருவில் ஓடிப் பார்த்தேன். ஒரு ஆண்பிள்ளை இல்லை. ஆட்டோக்காரர்கள் மூன்று பேரும் தொழுகையில் இருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டு ஷமீமாவைக் கத்திக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாக வாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் முன்சீட்டில் சாய்த்தோம்.

"நீ பள்ளிவாசல் கேட்டாண்ட போய் நில்லுடி. அவர் வெளில வந்ததும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லு."

சாவியைத் திருப்பினேன். முதலில் பார்த்தது ஸ்பேனரைத்தான். இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் இன்னொரு விளக்கு கண்ணில் பட்டது. தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்கிற மூக்குக் கெண்டி மாதிரி ஒரு படம், சிவப்பாக. காலையில் அவர் அணைத்த ஸ்பேனரின் தம்பி என்று நினைத்தேன். இந்த மனுஷன் ஒரு வேலையையாவது முழுசாகச் செய்தாரா என்று எரிச்சல்தான் வந்தது. வாப்பா கண்ணை மூடி, கடைசி நேரத்தில் ஓதுகிற கலிமாவை ஓத ஆரம்பித்திருந்தார். அதைக் கேட்கக் கேட்க என் கால் ஆக்சிலேட்டரில் தானாக அழுந்தியது.

ஆண்டார்மடத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டின் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்துப் பார்த்தேன். நகர்கிற வழியாக இல்லை. அந்த நேரத்தில் சிவப்பு விளக்கையாவது அணைப்போம் என்று வண்டியை நிறுத்தி, பொத்தானை அழுத்திப் பிடித்துச் சாவியைப் பாதி திருப்பினேன். ஸ்பேனர் தலை காட்டி, சிமிட்டி, மறைந்தது. கெண்டி அப்படியே எரிந்தது. மறுபடி அழுத்தினேன். அது எரிந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்கு வண்டியை நினைத்து முதன்முதலாகப் பயம் வந்தது. இது நினைவூட்டுகிற விளக்கு இல்லை, வேறு என்னவோ.

வாப்பா கண்ணைத் திறந்து, "இன்னாம்மா அது செவப்பா?" என்றார்.

"ஏசி வாப்பா. நீங்க பேசாதீங்க" என்று சொல்லி, துப்பட்டா முனையை எடுத்து அதன் மேல் போட்டு மூடினேன்.

வழி கிடைத்ததும் கிளப்பினேன். திருப்பாலைவனத்தைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் வெறும் வயல். மருந்துக்குக்கூட ஒரு மனிதர் இல்லை. இன்ஜினிலிருந்து டொக் டொக்கென்று யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. வாணலி காய்ந்த வாசனை. என் கையெல்லாம் வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. நின்றுவிடாதே, தாயே, நின்றுவிடாதே என்று அந்த இரும்பிடம் கெஞ்சினேன்.

மெதூருக்கு முன்னால் போன் அடித்தது. அவர்தான். மூச்சிரைக்கப் பேசினார்.

"ஜபீன், வண்டிய நிறுத்து. உள்ள ஆயில் இல்ல. உடனே நிறுத்து."

"இன்னா சொல்றீங்க?"

"காலைல வடிச்சேன், புதுசு ஊத்தல. ஒரு அடி கூட ஓட்டாத. ஓரமா நிறுத்து, நான் வரேன்."

வயிற்றில் இருந்த பயமெல்லாம் கோபமாக மாறி வாய் வழியாக வந்தது.

"வாப்பாவுக்கு உதடெல்லாம் நீலமா போச்சு. இங்க நிறுத்திட்டு நான் யார கூப்புடறது, வயல்ல கீற கொக்கயா? உங்களுக்கு உங்க வண்டிதான் பெருசு இல்ல?"

"நான் சொல்றத கேளு, அது இல்ல..."

நான் போனை அணைத்துப் பின்சீட்டில் வீசினேன். தெரியாமல் ஓட்டியது அதுவரைக்கும். அதற்குப் பிறகு தெரிந்தே ஓட்டினேன். எந்த நிமிஷமும் நின்றுவிடும் என்று தெரியும். நிறுத்தினால் வாப்பா அங்கேயே போய்விடுவார் என்பதும் தெரியும். துப்பட்டாவை எடுத்துவிட்டேன். இனி யாருக்காக மூடுவது? வாப்பாவின் தலை கதவுப் பக்கம் தொங்கிவிட்டது. கலிமா கேட்கவில்லை. ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே, "வாப்பா, ஓதுங்க, சத்தமா ஓதுங்க" என்று அழுதேன். சின்னதாக ஒரு முனகல் வந்தது. அந்த முனகலை நம்பித்தான் மீதித் தூரம் ஓட்டினேன்.

பொன்னேரிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வேகத்தடை. கியரைக் குறைத்து ஏறி இறங்கும்போது அடியில் மடாரென்று ஒரு சத்தம். வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி உதறி, அங்கேயே நின்றது. சாவியைத் திருப்பினால் டக்கென்ற சத்தத்தோடு சரி. பானெட் ஓரத்தில் புகை.

நான் இறங்கி நடுரோட்டில் நின்று கத்தினேன். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த குட்டியானை வண்டிக்காரர் ஒருவர் பிரேக் போட்டார். குப்புராஜ் என்று பிற்பாடு பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. டீக்கடையிலிருந்து ஓடிவந்தவர்களோடு சேர்ந்து வாப்பாவைத் தூக்கி மூட்டைகள் மேலேயே படுக்க வைத்தார். ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

டாக்டர் ஊசி போட்டு, ஏதேதோ ஒயர்களை மாட்டி, ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தார். "அட்டாக்தாம்மா. நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க. இன்னும் லேட் பண்ணியிருந்தா கஷ்டம். ராவு தாண்டட்டும், அப்புறம் மெட்ராசுக்கு அனுப்பறேன்" என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு அழுகைகூட வரவில்லை.

என் வீட்டுக்காரர் யாருடைய பைக்கிலோ வந்து இறங்கினார். ஜும்மாவுக்குப் போட்ட வெள்ளை ஜிப்பா முழுக்கப் புழுதி. தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது. கண்ணாடி வழியாக வாப்பாவைப் பார்த்தார். பிறகு என் முன்னால் வந்து நின்று, என் கை, தோள், நெற்றி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"உங்க வண்டி ஊர் முனையில நிக்குது. போய் அத தொட்டுப் பாருங்க" என்றேன்.

"பாத்துட்டுதான் வரேன். காலியாதான் கீதுன்னு தெரியற வரைக்கும் கிட்ட போவ எனக்கு கால் வரல" என்றார்.

"இன்ஜின்தான போச்சு?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஆலையில் விரல் நசுங்கியபோதுகூட அழாத மனுஷன்.

"ஆயில் இல்லாத இன்ஜின் சொல்லிட்டு நிக்காது ஜபீன். சட்டுனு பூட்டிக்கும். அப்ப கியர்ல இருந்தா முன் சக்கரமும் பூட்டிக்கும். நீ ஓட்டுற வேகத்துல அது அந்த வயக்காட்டு ரோட்டுல பூட்டியிருந்தா, வண்டி உருண்டிருக்கும். அதுக்குதான் நிறுத்துன்னேன். நீ போனை வெச்சப்புறம், வழியெல்லாம் பள்ளத்த பாத்துக்கினேதான் வந்தேன்."

ரோட்டின் குறுக்கே நின்ற வைக்கோல் டிராக்டரை, திருப்பாலைவனத்துக்கு அப்பால் நான் மிதித்த மிதியை, வேகத்தடைக்காகக் கியரைக் குறைத்த அந்த ஒரு நொடியை நினைத்துப் பார்த்தேன். அதுவரைக்கும் ஒரு உயிருக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். அந்த வண்டியில் இரண்டு பேர் இருந்தோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். வராண்டாவில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, இருட்டுகிற வரைக்கும் அவர் என் கையை விடவில்லை.